பிளேயர் ஏற்காத டிவிடியும் நான்கு பிட்டும்

கணினியில் குறையில்லாமல் ஓடுகிற ஒரு டிவிடியை, டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பிளேயரில் போட்டதும் ‘நோ டிஸ்க்’ என்று வந்து நிற்கிறது. உடனே எல்லோரும் டிஸ்க்கைத்தான் குறை சொல்வார்கள். மட்டமான டிஸ்க், வேகமாக ரைட் செய்துவிட்டார்கள், கீறல் விழுந்திருக்கும் என்பார்கள். சில சமயம் அதெல்லாம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அது டிவிடி பிளஸ் ஆர் வகை டிஸ்க்காக இருந்து, போட்ட மாத்திரத்தில் பிளேயர் மறுக்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வேறொன்று. டிஸ்க்கின் உள்வட்டத்தில் அது என்ன வகை என்பது நான்கே பிட்டில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் புக் டைப் என்கிறோம். அந்த நான்கு பிட்டைப் பார்த்துவிட்டு, படம் இருக்கும் இடத்துக்குப் போகாமலேயே சில பிளேயர்கள் டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ரைட் செய்வதற்கு முன்பே அந்தக் குறிப்பை ‘டிவிடி ரோம்’ என்று வைத்துவிட முடியும். பிறர் கையில் போகப்போகிற ஒவ்வொரு பிளஸ் ஆர் டிஸ்க்கிலும் அப்படி வைப்பதுதான் முறை என்பது என் வாதம். இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் நியாயமான சிலவும் உண்டு; அவற்றையும் எடுத்துக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். டிவிடியில் நம் கோப்புகள் மையத்திலிருந்து 24 மில்லிமீட்டர் தூரத்தில் தொடங்குகின்றன. அதற்கும் உட்புறம் லீட்-இன் என்ற வளையம் இருக்கிறது. பிளேயரின் லேசர் முதலில் போய் நிற்பது அங்கேதான். டிஸ்க்கின் அளவு, எத்தனை அடுக்கு, தரவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரங்கள் அந்த வளையத்தில் உள்ளன. அந்த விவரத் தொகுதியின் முதல் பைட்டில், முதல் நான்கு பிட்தான் புக் டைப். 0000 என்றால் ஆலையில் அச்சடித்த டிவிடி ரோம். 0010 என்றால் டிவிடி மைனஸ் ஆர், 0011 என்றால் மைனஸ் ஆர்டபிள்யூ. 1001 என்பது பிளஸ் ஆர்டபிள்யூ, 1010 பிளஸ் ஆர், 1110 இரட்டை அடுக்கு பிளஸ் ஆர். கடையில் வாங்கும் திரைப்பட டிவிடி அத்தனையிலும் 0000 இருக்கும். ஆகவே உலகில் விற்ற டிவிடி பிளேயர் ஒவ்வொன்றுக்கும் கட்டாயம் தெரிந்த ஒரே எண் அதுதான். மற்ற எண்களைத் தெரிந்துவைத்திருப்பதும் தெரியாமல் இருப்பதும் அந்த பிளேயர் எந்த ஆண்டில், யாரால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது.

ஆண்டு ஏன் முக்கியம் என்றால், இந்த எண்கள் எல்லாம் ஒரே நாளில் பிறக்கவில்லை. முதல் டிவிடி பிளேயர்கள் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அடுத்த ஆண்டே பயனியர் நிறுவனம் டிவிடி மைனஸ் ஆரைக் கொண்டுவந்தது. அப்போது அதில் 3.95 ஜிபிதான் பிடிக்கும், 4.7 ஜிபி பின்னால் வந்தது. மைனஸ் ஆர், டிவிடி ஃபோரம் என்ற அதிகாரபூர்வக் கூட்டமைப்பின் ஆதரவில் வளர்ந்தது. ஃபிலிப்ஸ், சோனி, ஹெச்பி, ரிக்கோ, மிட்சுபிஷி கெமிக்கல், யமாஹா போன்ற நிறுவனங்கள் தனி அணியாகச் சேர்ந்து வேறு வழியில் போயின. அந்த அணியின் பிளஸ் ஆர்டபிள்யூ 2001-இலும், பிளஸ் ஆர் 2002-இலும் சந்தைக்கு வந்தன. அதற்குள் டிவிடி பிளேயர்கள் ஏராளமாக விற்றுவிட்டன. அவற்றின் உள்ளே இருந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு 1010 என்ற எண் வரப்போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. தெரியாத எண் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுதியது. சில பிளேயர்கள் அதைப் பொருட்படுத்தாமல் படித்துப் பார்த்தன. சில, ஆதரவில்லாத டிஸ்க் என்று அங்கேயே நிறுத்திக்கொண்டன. கணினி டிரைவைப் போல வீட்டு பிளேயரின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. எனவே 2000-இல் வாங்கிய பிளேயருக்கு அந்த ஆண்டு தெரியாதது இன்றும் தெரியாது. அதற்கு நாம் எதையும் புதிதாகக் கற்பிக்க முடியாது. அதற்குத் தெரிந்த எண்ணை டிஸ்க்கில் எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் மைனஸ் ஆர் டிஸ்க்கிலும் 0000 என்று எழுதிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. காரணம் மென்பொருளில் இல்லை, டிஸ்க்கின் உடம்பிலேயே இருக்கிறது. கடைகளில் விற்கும் மைனஸ் ஆரில் லீட்-இன் வளையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி ஆலையிலேயே நிரப்பப்பட்டுவிடுகிறது. திரைப்பட டிவிடிகளில் நகல் தடுப்புப் பூட்டுக்கான சாவிகள் அந்த வளையத்தில்தான் வைக்கப்படுகின்றன. வீட்டில் யாரும் அந்தச் சாவிகளை வெற்று டிஸ்க்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக அந்த இடமே விட்டுவைக்கப்படவில்லை. அதோடு சேர்ந்து புக் டைப்பும் 0010 என்று நிலைத்துவிடுகிறது. பிளஸ் ஆரின் அமைப்பு வேறு. அதில் அந்த வளையம் வெற்றாகவே வருகிறது. டிஸ்க்கை முடித்து மூடும்போது டிரைவ்தான் அதை எழுதுகிறது. எழுதும் வேலை டிரைவிடம் இருப்பதால், என்ன எழுத வேண்டும் என்று டிரைவிடம் சொல்லவும் முடிகிறது. ரைட்டிங் மென்பொருளில் பிளஸ் டிஸ்க்குக்கு மட்டும் இந்த வசதி இருப்பதும், மைனஸ் டிஸ்க் போட்டால் அது பயன்படாமல் போவதும் இதனால்தான்.

இங்கே ஒரு தார்மீக ஆட்சேபம் வரும். ரைட் செய்த டிஸ்க்கை அச்சடித்த டிஸ்க் என்று சொல்ல வைப்பது பொய் அல்லவா? இதைத் தட்டிவிடக் கூடாது, பதில் சொல்ல வேண்டும். புக் டைப் என்பது டிஸ்க் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கான சான்றிதழாகப் பயன்படுவதில்லை. ‘என்னை எப்படிப் படிக்க வேண்டும்’ என்று படிக்கும் கருவிக்குச் சொல்லும் குறிப்பாகத்தான் பயன்படுகிறது. அந்த நோக்கில் பார்த்தால், முடித்து மூடிய ஓரடுக்கு பிளஸ் ஆருக்கும் அச்சு டிஸ்க்குக்கும் வேறுபாடு மிகக் குறைவு. தடங்களுக்கு இடையிலான தூரம் இரண்டிலும் 0.74 மைக்ரோமீட்டர். பிட்டுகளைக் குறியாக்கும் முறை ஒன்றே, பிழை திருத்தும் முறையும் ஒன்றே. ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவும் இரண்டிலும் 45 முதல் 85 விழுக்காட்டுக்குள் இருக்கும்படியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ரோமைப் படிப்பதுபோல் படி என்று சொன்னால், அது சரியான அறிவுரை. டிஸ்க்கின் உண்மையான அடையாளமும் அழிந்துவிடுவதில்லை. பிளஸ் டிஸ்க்கின் பள்ளத்தடம் ஆலையிலேயே மெல்லிய நெளிவோடு வார்க்கப்படுகிறது. முகவரிகளும், எந்த ஆலை செய்தது என்ற குறியீடும் அந்த நெளிவுக்குள் இருக்கின்றன. ரைட் செய்யத் தெரிந்த டிரைவ் அதைப் படித்து, இது பிளஸ் ஆர்தான் என்று சரியாகச் சொல்லிவிடும். ஆவணக் காப்பகத்தில் இருப்பவர்கள், பிற்காலத்தில் டிஸ்க்கின் வகை தெரியாமல் போய்விடுமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த விஷயம் முழு வலிமையோடு தெரிவது இரட்டை அடுக்கு டிஸ்க்குகளில். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். 8.5 ஜிபி பிடிக்கும் பிளஸ் ஆர் இரட்டை அடுக்கு 2004-இல் கடைக்கு வந்தது. அதன் சொந்தப் புக் டைப் 1110. அதற்கு முன் செய்த எந்த பிளேயருக்கும் அந்த எண் தெரியாது. ஆனால் இரட்டை அடுக்கு என்ற ஏற்பாடு பிளேயர்களுக்குப் புதிதல்ல. நீளமான திரைப்படங்கள் பல அதற்கு முன்பே இரட்டை அடுக்கு அச்சு டிஸ்க்கில் வந்திருந்தன. ஆகவே ‘டிவிடி ரோம், இரண்டு அடுக்கு’ என்று சொன்னால் எந்த பிளேயரும் திகைக்காது. டிரைவ் செய்த நிறுவனங்கள் இதை நன்கு உணர்ந்திருந்தன. பெரும்பாலான டிரைவ்கள் இரட்டை அடுக்கு பிளஸ் ஆரை, நாம் எதுவும் சொல்லாமலே 0000 என்றுதான் எழுதுகின்றன. டிரைவ் செய்பவர்களே இப்படி முடிவெடுத்திருப்பது என் வாதத்துக்கு நல்ல சான்று. இதற்குப் போட்டியாக வந்த மைனஸ் ஆர் இரட்டை அடுக்கின் நிலையைப் பாருங்கள். அதில் புக் டைப்பை மாற்ற வழியில்லை, மைனஸ் ஆர் என்றே நிற்கும். பழைய பிளேயருக்குத் தெரிந்தவரை மைனஸ் ஆர் என்றாலே ஓரடுக்கு. இப்போது அடுக்கு எத்தனை என்று சொல்லும் பைட் இரண்டு என்கிறது. இந்த முரண்பாட்டைச் சமாளிக்க எல்லா பிளேயரும் எழுதப்படவில்லை. ஆகவே இரட்டை அடுக்கு வேண்டுமென்றால் பிளஸ் ஆரையே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

இரட்டை அடுக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது தொடங்கும் இடத்தில் லேசர் தன் குவியத்தை மாற்றிக்கொண்டு, வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கித் திரும்புகிறது. வீடியோ டிஸ்க்கில் அந்த இடம் நம் விருப்பத்துக்கு எங்கே வேண்டுமானாலும் விழக் கூடாது. முதல் அடுக்கில் இருக்கும் தரவு இரண்டாவது அடுக்கைவிடக் குறையக் கூடாது. அடுக்கு மாறும் இடம் பதினாறு செக்டர்களின் மடங்கில், செல் எனப்படும் படத்துண்டு ஒன்று முடிகிற எல்லையில் அமைய வேண்டும். இதைக் கவனிக்காமல் எழுதிய டிஸ்க் பாதிப் படத்தில் உறைந்து நின்றால், அதற்குப் புக் டைப்பைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

அடுத்த எதிர்வாதம் மிக எளிமையானது: இவ்வளவு பாடு எதற்கு, ஓரடுக்கு மைனஸ் ஆரை வாங்கினால் போதாதா? பெருமளவுக்குப் போதும் என்றே ஒப்புக்கொள்கிறேன். மைனஸ் ஆர் நான்கைந்து ஆண்டு மூத்தது. 0010 என்ற எண்ணைப் பல பழைய பிளேயர்கள் அறிந்திருந்தன. கையில் மைனஸ் ஆர் இருந்து, தரவும் 4.7 ஜிபிக்குள் அடங்குகிறது என்றால் அதிலேயே எழுதுங்கள். ஆனால் அறிந்திருந்தன என்று நான் சொல்வது பல பிளேயர்களைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றி அல்ல. 0000 என்ற எண் எல்லாவற்றுக்கும் தெரியும். தவிர, இன்றைக்கு வெற்று டிஸ்க் வாங்கும்போது வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி சுருங்கிக்கொண்டே வருகிறது. தரத்துக்குப் பேர்போன ஜப்பானின் தையோ யூடன் 2015-ஆம் ஆண்டோடு இந்தத் தொழிலை விட்டது. நம் ஊர்க் கடைகளில் எங்கும் கிடைத்த மோசர் பேர் நிறுவனம் 2018-இல் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பிளஸ் ஆராக இருந்தால், அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஓரடுக்கு மைனஸ் ஆரில் 4,707,319,808 பைட் பிடிக்கும், பிளஸ் ஆரில் 4,700,372,992 பைட்தான். மைனஸ் ஆர் முழுவதும் நிரம்பும்படி செய்த இமேஜ் கோப்பு பிளஸ் ஆரில் அடங்காது.

இனி, என் வாதத்தின் எல்லை எது என்பதை நானே சொல்ல வேண்டும். புக் டைப்பை மாற்றினால் எல்லா டிஸ்க்கும் எல்லா பிளேயரிலும் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோளாறு எங்கே என்பதை, பிளேயர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்து ஊகிக்கலாம். போட்டவுடன் மறுத்தால் புக் டைப் காரணமாக இருக்கலாம், டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யாமல் விட்டதும் காரணமாக இருக்கலாம். மூடாத டிஸ்க் உங்கள் கணினியில் ஓடும், வீட்டு பிளேயரில் பெரும்பாலும் ஓடாது. ஏற்றுக்கொண்டு, பிறகு ‘ஃபார்மட்’ பற்றிக் குறை சொன்னால், உள்ளே இருப்பது டிவிடி வீடியோ அமைப்பா என்று பாருங்கள். எம்பி4 கோப்பை அப்படியே டேட்டா டிஸ்க்காக எழுதியிருந்தால், டிவிடி வீடியோ மட்டுமே தெரிந்த பழைய பிளேயருக்கு அது வெறும் கோப்புதான். நன்றாக ஓடிக்கொண்டிருந்து பாதியில் சதுரம் சதுரமாகச் சிதறினால், அது டிஸ்க்கின் தரமும் ரைட் செய்த விதமும் சேர்ந்து செய்த கோளாறு. புக் டைப் அங்கே எதுவும் செய்யாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எடுத்த கல்யாண டிவிடியை டொராண்டோவில் இருக்கும் உறவினருக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அது வேறு வகைச் சிக்கல். இங்கே நாம் எழுதுவது பால் முறை, 576 வரிகள், நொடிக்கு 25 சட்டகம். வட அமெரிக்க பிளேயர்களில் பல, என்டிஎஸ்சி முறையின் 480 வரிகளை மட்டுமே எதிர்பார்க்கின்றன. அவர்களுக்கென்று மாற்றித்தான் எழுத வேண்டும்.

திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர் டிஸ்க்கில் இருக்கும் சாயத்துக்குப் பதில் அதில் நிலைமாறும் உலோகக் கலவை இருக்கிறது. அது ஒளியை 18 முதல் 30 விழுக்காடு மட்டுமே திருப்பி அனுப்பும். இரட்டை அடுக்கு அச்சு டிஸ்க் திருப்பி அனுப்பும் அளவும் ஏறக்குறைய அதுவேதான். ஆகவே தொடக்ககால பிளேயர் மங்கலான வெளிச்சத்தைப் பார்த்து இரட்டை அடுக்கு என்று நினைத்துக்கொண்டு, இல்லாத இரண்டாவது அடுக்கைத் தேடும். அங்கே 0000 என்று எழுதி வைத்தால் மென்பொருளின் சோதனையைத் தாண்டலாம். லேசர் உணரியின் குழப்பத்தைத் தாண்டலாம் என்று உறுதி கிடையாது. பிறருக்குக் கொடுக்கும் டிஸ்க்குக்கு ஆர்டபிள்யூ வேண்டாம்.

செய்யும் முறை சுலபம்தான், ஆனால் வரிசை தவறக் கூடாது. விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் இதற்குப் பொருத்தமானது. அதன் டூல்ஸ் பட்டியலில், டிரைவ் என்ற பிரிவின் கீழ் ‘சேஞ்ச் புக் டைப்’ இருக்கிறது. அங்கே லைட்-ஆன், பென்க்யூ, என்இசி, எல்ஜி, பிளெக்ஸ்டர் என்று நிறுவன வாரியாகத் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. இந்தக் கட்டளைக்குப் பொதுவான தரம் இல்லை, ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் செய்தது. உங்கள் டிரைவை உண்மையில் செய்தவர் யார் என்று பார்த்து அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பெயர் வேறாக இருக்கலாம். எந்த வகை டிஸ்க்குக்கு என்பதில் பிளஸ் ஆர் என்றும், புதிய அமைப்பு என்பதில் டிவிடி ரோம் என்றும் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் ரைட் செய்ய வேண்டும். லினக்ஸில் இருப்பவர்களுக்கு டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ டூல்ஸ் என்ற தொகுப்பில் புக் டைப் மாற்றவென்றே ஒரு சிறு நிரல் இருக்கிறது. பிளஸ் ஆரில் ஒருமுறை எழுதி மூடிவிட்டால் அந்த வளையத்தை மீண்டும் தொட முடியாது. பிளஸ் ஆர்டபிள்யூவில் மட்டும், டிரைவ் அனுமதித்தால், பின்னாலும் மாற்றலாம். சில டிரைவ்கள் இந்த அமைப்பை நினைவில் வைத்திருக்கும். சில, மின்சாரம் நின்றதும் பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் ரைட் செய்வதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சில டிரைவ்களில் இந்த வசதியே கிடையாது. அந்த நிலையில் ஓரடுக்குக்கு மைனஸ் ஆரே நல்லது.

0000 வேண்டாம் என்று நான் சொல்லும் இடம் ஒன்று உண்டு. டிவியிலிருந்து நேராகப் பதிவு செய்யும் டிவிடி ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள், பிளஸ் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் ரோம் என்று எழுதிவிட்டால், சில ரெக்கார்டர்கள் அதை அச்சு டிஸ்க்காக எடுத்துக்கொண்டு மேலே பதிவு செய்ய மறுக்கும். மீண்டும் எழுதப்போகிற டிஸ்க்கை அதன் சொந்த வகையிலேயே விட்டுவிடுங்கள்.

எழுதி முடித்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்து மறுபடி உள்ளே போட்டு, இம்ஜ்பர்னின் வலப்பக்கத் தகவலைப் பாருங்கள். டிஸ்க்கின் வகை என்ற இடத்தில் பிளஸ் ஆர் என்றும், புக் டைப் என்ற இடத்தில் டிவிடி ரோம் என்றும் இருந்தால் மாற்றம் விழுந்துவிட்டது. பிறகு கைக்கு எட்டுகிற மிகப் பழைய பிளேயரில் போட்டு, படத்தின் தொடக்கத்தோடு கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஓரடுக்கு டிஸ்க் நிறைய எழுதியிருந்தால் அந்தப் பகுதி வெளி விளிம்பில் இருக்கும். ரைட் செய்ததில் குறை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். இரட்டை அடுக்காக இருந்தால் நடுவில், அடுக்கு மாறும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்.